6 கிகாஹெர்ட்ஸ் கீழ்ப்பகுதிக்கு உரிமவிலக்கு: வரைவு விதிகளுக்கு நாம் என்ன கருத்து அனுப்பலாம்?

நுண்ணலை நேசன் | 19 மே 2025, காலை 9:10

நண்பர்களுக்கு வணக்கம். தொலைத்தொடர்புத் துறை கடந்த 16ஆம் தேதி வெளியிட்ட வரைவு விதிகளைப் பற்றிச் செய்திகளில் படித்திருப்பீர்கள். 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 500 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை வைஃபை போன்ற கருவிகள் உரிமம் பெறாமலே பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். கருத்துச் சொல்ல முப்பது நாள் அவகாசம் இருக்கிறது. தனித்தனியாகப் புலம்புவதைவிட, இங்கே பேசித் தெளிந்து ஒரே கடிதமாக அனுப்பலாம் என்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வரைவு இரண்டு வகைக் கருவிகளை அனுமதிக்கிறது. கட்டடத்துக்குள் இயங்கும் குறைந்த திறன் கருவி 30 டிபிஎம் வரை, அதாவது 1 வாட் வரை, அலை வீசலாம். வெளியிடத்தில் இயங்கும் மிகக் குறைந்த திறன் கருவிக்கு 14 டிபிஎம், அதாவது 25 மில்லிவாட்தான் உச்சம். எண்ணெய்த் துரப்பண மேடைகளில் பயன்படுத்தக் கூடாது. கார், ரயில், படகு ஆகியவற்றுக்குள்ளும் கூடாது. விமானத்தில் 10,000 அடிக்கு மேல் பறக்கும்போது மட்டும் விலக்கு உண்டு. ட்ரோன்களை இயக்க இந்தப் பட்டையைத் தொடவே கூடாது. ஏற்கெனவே அங்கிருக்கும் சேவைகளுக்கு இடையூறு செய்யக் கூடாது, அவற்றால் நமக்கு இடையூறு வந்தால் பாதுகாப்புக் கோரவும் முடியாது.

இது ஏன் தேவை என்று கேட்பவர்களுக்கு என் பதில், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கைப்பேசியைத் திறந்து வைஃபை பட்டியலைப் பாருங்கள் என்பதுதான். நாற்பது பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் மொத்த அகலமே 83.5 மெகாஹெர்ட்ஸ், ஒன்றன்மேல் ஒன்று விழாத சானல்கள் அதில் மூன்றுதான். 2005இல் அந்தப் பட்டைக்கு உரிமவிலக்குக் கிடைத்தது. 5 கிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸ் நமக்குத் தாராளமாகத் திறக்கப்பட்டது 2018 அக்டோபரில்தான். அதன் பிறகு புதிய இடம் எதுவும் வரவில்லை. வைஃபை 7 தரத்தில் ஒரு சானல் 320 மெகாஹெர்ட்ஸ் வரை விரியும். அத்தனை அகலமான சானலை வைக்க 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையில்தான் இடமிருக்கிறது. சென்ற ஆண்டு பிளேஸ்டேஷன் 5 ப்ரோ இந்தியாவில் விற்பனைக்கு வராததற்கு, இங்கே இந்தப் பட்டைக்கு அனுமதி இல்லாததையே சோனி நிறுவனம் காரணமாகச் சொன்னது நினைவிருக்கலாம்.

என் முதல் கேள்வி: அமெரிக்காவும் தென்கொரியாவும் 2020இலேயே 5925 முதல் 7125 வரை 1200 மெகாஹெர்ட்ஸ் முழுவதையும் திறந்துவிட்டன. நாம் ஏன் 500உடன் நிற்க வேண்டும்?

சிறுநகர் இணையம் | 19 மே 2025, பகல் 12:42

வணக்கம் நேசன் அண்ணா. பதினோரு ஆண்டுகளாகக் கேபிள் டிவியோடு இணைய இணைப்பும் கொடுத்துவருகிறேன். எங்கள் ஊரைச் சுற்றியுள்ள மலையடிவாரக் கிராமங்களுக்குக் கண்ணாடியிழை போகவில்லை. மொட்டை மாடிக் கம்பத்தில் 5.8 கிகாஹெர்ட்ஸ் டிஷ் ஒன்றும், ஏழு கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளிக்கூட மாடியில் அதற்கு எதிர் டிஷ்ஷும் வைத்துத்தான் ஓட்டுகிறோம். மூன்று ஆண்டுகளுக்கு முன்வரை அந்த இணைப்பு குறையில்லாமல் ஓடியது. பிறகு பக்கத்து ஊரில் இன்னொருவர் அதே சானலில் டிஷ் வைத்தார். சாயங்காலம் ஏழு மணியானால் இரண்டு பேருக்கும் வேகம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. பேசிப் பார்த்தோம். அவருக்கும் வேறு சானல் இல்லை, எனக்கும் இல்லை.

இந்த நிலையில் புதிய பட்டை என்ற செய்தியைப் பார்த்ததும் மகிழ்ந்தேன். வரைவைப் படித்த பிறகு அந்த மகிழ்ச்சி நிற்கவில்லை. வெளியிடத்தில் 25 மில்லிவாட்டை வைத்துக்கொண்டு தெருமுனையைத் தாண்ட முடியாது. வீட்டுக்குள் 1 வாட் கொடுத்திருப்பதால் நகரத்து அடுக்குமாடிக்காரருக்கு நன்மை உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டுக்குள் ஏற்கெனவே கண்ணாடியிழை வந்திருக்கிறது. இணையமே வராத வீட்டுக்கு இந்த விதிகளில் என்ன இருக்கிறது என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டும்.

பொதுக்கணக்கு | 19 மே 2025, மாலை 6:25

மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்கிறேன். அலைக்கற்றை பொதுச்சொத்து. 2022 ஏலத்தில் 3300 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு நாடு முழுமைக்குமான அடிப்படை விலை ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 317 கோடி ரூபாய். அதே விலையை 500 மெகாஹெர்ட்ஸுக்குப் பொருத்தினால் ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டுகிறது. 6 கிகாஹெர்ட்ஸ் பட்டை முழுவதையும் மொபைல் சேவைக்கே ஒதுக்க வேண்டும் என்று செல்பேசி நிறுவனங்களின் சங்கம் கேட்பதை வெறும் சுயநலம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2012 பிப்ரவரி 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 2ஜி அலைக்கற்றை வழக்கில் 122 உரிமங்களை ரத்து செய்தபோது நாடு கற்ற பாடத்தை இவ்வளவு விரைவில் மறக்கலாமா?

இன்னொன்று. உரிமவிலக்கு என்பது வில்லை விட்ட அம்பு. கோடிக்கணக்கான ரௌட்டர்கள் வீடுகளுக்குள் போன பிறகு, தவறு செய்துவிட்டோம் என்று எந்த அரசாலும் அவற்றைத் திரும்பப் பெற முடியாது. ஏலம் விட்ட அலைக்கற்றைக்காவது இருபது ஆண்டு முடிவில் கெடு உண்டு.

நுண்ணலை நேசன் | 19 மே 2025, இரவு 9:03

பொதுக்கணக்கு அவர்களே, உங்கள் இரண்டாவது வாதம் வலுவானது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலாவதை ஏற்க முடியவில்லை.

அடிப்படை விலையை அகலத்தால் பெருக்கினால் வருவது வருமானம் ஆகாது. 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை 2016 ஏலத்திலும் 2021 ஏலத்திலும் ஒரு மெகாஹெர்ட்ஸ்கூட விற்காமல் திரும்பியது. சென்ற ஆண்டு ஜூனில் பத்தாயிரம் மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏலத்துக்கு வைத்தார்கள், விற்றது 141.4 மெகாஹெர்ட்ஸ், வந்தது சுமார் 11,340 கோடி. வாங்க ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் அலைக்கற்றை கருவூலத்துக்கும் பயன்படாது, மக்களுக்கும் பயன்படாது. நிலத்தையோ நிலக்கரியையோ போல அதைச் சேமித்து வைத்து நாளை எடுத்துக்கொள்ளவும் முடியாது; இன்று பயன்படுத்தாத அலை இன்றோடு போனது.

122 உரிமங்கள் வழக்கை இங்கே கொண்டுவருவதும் பொருந்தாது. பிறர் நுழைய முடியாத தனியுரிமையைச் சிலருக்குக் கொடுத்த முறை சரியா என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. உரிமவிலக்கில் தனியுரிமை என்பதே யாருக்கும் இல்லை. டீக்கடைக்காரரும் பெருநிறுவனமும் அதே 500 மெகாஹெர்ட்ஸை அதே நிபந்தனையோடு பயன்படுத்துகிறார்கள். மேலும், எல்லா இயற்கை வளங்களையும் ஏலம் விட்டே ஆக வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்று அதே ஆண்டிலேயே குடியரசுத் தலைவர் அனுப்பிய கேள்விக்கு உச்ச நீதிமன்றம் விளக்கம் தந்துவிட்டது.

தொடுவானம் | 20 மே 2025, காலை 7:30

இழையைத் தொடர்ந்து படித்துவருகிறேன். நான் முப்பது ஆண்டுகள் செயற்கைக்கோள் தரைநிலையங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இந்தப் பட்டை காலியாகக் கிடக்கிறது என்ற எண்ணத்தில் யாரும் கடிதம் எழுதிவிடக் கூடாது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

5925 முதல் 6425 வரை என்பது எங்களுக்கு மிகப் பழக்கமான எண். சி பட்டையில் தரையிலிருந்து செயற்கைக்கோளுக்கு ஏறும் அலைகள் அங்கேதான் இருக்கின்றன. 3700 முதல் 4200 வரை இறங்கும் அலைகள். மழையில் அதிகம் மங்காது என்பதால், நம்மைப் போன்ற பருவமழை நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பும் முக்கியத் தொடர்புகளும் பல ஆண்டுகளாகச் சி பட்டையை நம்பி நிற்கின்றன. இன்சாட் வரிசை இதில்தான் வளர்ந்தது.

வைஃபை ரௌட்டர் தரைநிலையத்தைக் கெடுக்குமா என்று பலர் கேட்கிறார்கள். தரைநிலையம் இந்தப் பட்டையில் அலையை அனுப்புகிறது, வாங்குவதில்லை. எனவே ரௌட்டரால் அதற்குத் தீங்கில்லை. மாறாக, தரைநிலையத்துக்குப் பக்கத்து வீட்டில் வைத்த ரௌட்டர்தான் திணறும். கவனிக்க வேண்டிய இடம் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. செயற்கைக்கோளின் அலைவாங்கி ஒரே பார்வையில் துணைக்கண்டம் முழுவதையும் பார்க்கிறது. அந்தத் தொலைவைக் கடக்கும்போது 6 கிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 199 டெசிபெல் தேய்கிறது. ஆகவே ஒரு ரௌட்டரின் அலை அங்கே ஒன்றுமே இல்லை. ஆனால் கோடிக்கணக்கான ரௌட்டர்கள் ஒரே நேரத்தில் மேல்நோக்கிக் கசிந்தால் அவை அனைத்தும் கூடி இரைச்சலின் அடித்தளத்தையே உயர்த்தும். கட்டடத்துக்குள் மட்டும் என்ற நிபந்தனை எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரியும். கான்கிரீட் கூரையும் சுவரும் செய்யும் தடுப்பை எந்த மின்னணுச் சுற்றாலும் இவ்வளவு மலிவாகச் செய்ய முடியாது.

ஆகவே உள்ளே 1 வாட், வெளியே 25 மில்லிவாட் என்ற வேறுபாட்டில் எந்த ஓரவஞ்சனையும் இல்லை. தம்பி சிறுநகர் இணையம் கேட்ட கேள்வி நியாயமானது. அதற்கு விடை வேறு வழியில் தேட வேண்டும்.

மலர் நியூஜெர்சி | 20 மே 2025, காலை 8:15

தொடுவானம் ஐயாவுக்கு வணக்கம். அந்த வேறு வழி இங்கே ஐந்து ஆண்டுகளாக நடந்துவருவதை அருகிலிருந்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். நான் ஒரு பல்கலைக்கழக வலையமைப்பில் வேலை செய்கிறேன்.

2020 ஏப்ரல் 23இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி ஒருமனதாக 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்தது. ஆனால் முழுவதும் ஒரே மாதிரி திறக்கப்படவில்லை. வீட்டுக்குள் குறைந்த திறனில் 1200 முழுவதும் பயன்படுத்தலாம். அந்த ரௌட்டரை மழை தாங்கும் பெட்டியில் வைத்து விற்கக் கூடாது, பேட்டரியில் ஓடக் கூடாது, ஆன்டெனாவைக் கழற்ற முடியக் கூடாது என்று விதித்தார்கள். யாரும் அதை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கம்பத்தில் கட்டிவிடக் கூடாது என்பதே நோக்கம்.

வெளியிடத்தில் 4 வாட் வரை வீசும் கருவிகளுக்கு 850 மெகாஹெர்ட்ஸ் மட்டும் கொடுத்தார்கள். அந்தக் கருவி இயங்கும் முன் தன் இருப்பிடத்தை ஒரு தானியங்கி ஒருங்கிணைப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். அருகில் எந்தெந்த நுண்ணலை இணைப்புகள் இருக்கின்றன, எந்தத் திசையில் பார்க்கின்றன என்று அந்த அமைப்பு பதிவேட்டில் பார்த்து, இந்தச் சானலில் இவ்வளவு திறனில் இயங்கலாம் என்று பதில் சொல்லும். இங்கே மின்வாரியங்கள், ரயில்வே, காவல், தீயணைப்பு ஆகியவற்றின் நுண்ணலைக் கோபுரங்கள் 6 கிகாஹெர்ட்ஸில் நிறைய உண்டு. மின்கம்பி அறுந்தால் நொடிக்குள் துண்டிக்கும் கட்டளை அந்த இணைப்பில்தான் போகிறது. அவர்களின் அச்சத்தை யாரும் அற்பமாகப் பேச முடியாது.

அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2021 டிசம்பரில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையத்தின் முடிவைப் பெரும்பாலும் உறுதி செய்தது. ஒளிபரப்பாளர்கள் எழுப்பிய ஒரு கேள்வியை மட்டும் மறுபரிசீலனைக்கு அனுப்பியது. அந்தத் தானியங்கி அமைப்புகள் வணிக அளவில் இயங்க அனுமதி கிடைத்ததோ 2024 பிப்ரவரியில்தான். ஆணை வந்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். சிறுநகர் அண்ணா, இதைத் தவறாமல் கடிதத்தில் கேளுங்கள். ஆனால் அடுத்த ஆண்டே கிடைத்துவிடும் என்று நம்பிக் கருவி வாங்கிவிடாதீர்கள்.

சிறுநகர் இணையம் | 20 மே 2025, பகல் 1:20

நன்றி மலர். நான்கு ஆண்டு என்றாலும் பரவாயில்லை, வாசல் இருக்கிறது என்று விதியில் ஒரு வரி இருந்தால் போதும். இப்போது அந்த வரியே இல்லை. தொலைக்காட்சிப் பட்டையில் காலியாகக் கிடக்கும் இடங்களைக் கிராமங்களுக்குத் திறப்பது பற்றிப் பேச்சு நடந்த நாட்களில் மும்பை ஐஐடியினர் பால்கர் பகுதிக் கிராமங்களில் சோதனையே செய்து காட்டினார்கள். கேட்கக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. அது சோதனையோடு நின்றது. இதுவும் அப்படி ஆகிவிடக் கூடாது.

பொதுக்கணக்கு | 20 மே 2025, இரவு 8:48

விளக்கங்களுக்கு நன்றி. வருமான வாதத்தை நான் மறுபடியும் யோசித்தேன்; சென்ற ஆண்டின் ஏல முடிவு தெரிந்திருந்தும் நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் மேற்பகுதியில் உள்ள 700 மெகாஹெர்ட்ஸ் அகலத்தின் விஷயத்தில் நான் மாறவில்லை. 2023 இறுதியில் துபாயில் நடந்த உலக வானொலி மாநாட்டில் 6425 முதல் 7125 வரை ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் அடங்கிய வட்டாரத்தில் மொபைல் சேவைக்கு என அடையாளம் காணப்பட்டது. சீனா அதே ஆண்டு ஜூனில் அந்தப் பகுதியை 5ஜி, 6ஜிக்கு ஒதுக்கிவிட்டது. பிரேசில் 2021இல் 1200 முழுவதையும் வைஃபைக்குத் திறந்துவிட்டு, பின்னர் மேற்பகுதியை மொபைலுக்கு மாற்றிக்கொண்டது. இத்தனையும் கண்முன் நடக்க, நேசன் அவர்களே, நீங்கள் 1200உம் வேண்டும் என்று எழுதினால் கடிதத்தின் மற்றப் பகுதிகளும் கவனிக்கப்படாமல் போகும்.

நுண்ணலை நேசன் | 20 மே 2025, இரவு 10:31

முதல் பதிவில் நான் எழுப்பிய கேள்விக்கு எனக்கே இப்போது விடை மாறியிருக்கிறது. 500 மெகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் சானல் ஆறு, 160இல் மூன்று, 320இல் ஒன்றே ஒன்று வரும். வீடுகளுக்கு மூன்று 160 சானல்கள் இருந்தால் பல ஆண்டுகளுக்குப் போதும். மருத்துவமனை, கல்லூரி, ரயில் நிலையம் போன்ற நெருக்கமான இடங்களில்தான் பற்றாக்குறை தெரியும். ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் 480 மெகாஹெர்ட்ஸோடு நின்றது. அதுவும் உள்ளே 200 மில்லிவாட்தான். அதோடு ஒப்பிட்டால் நம் வரைவின் 1 வாட் மிகத் தாராளம். கான்கிரீட் சுவர் வீடுகளுக்கு அந்த 1 வாட் அவசியமும்கூட. மேற்பகுதியைக் கேட்பதை விட்டுவிடுகிறேன்.

உங்கள் விட்ட அம்பு வாதத்துக்கு இப்போது வருகிறேன். அதற்கு என் பதில் அமெரிக்காவின் சான் ஹுவான் அனுபவம். போர்ட்டோ ரிக்கோவின் அந்த விமான நிலையத்துக்கு அருகில் 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ஒரு வானிலை ரேடார் உண்டு. தரையிறங்கும் விமானத்தைச் சாய்க்கக்கூடிய திடீர்க் காற்று வீச்சைக் கண்டுபிடிப்பது அதன் வேலை. 2009இல் அதன் திரையில் கோடு கோடாக இடையூறு தெரிந்தது. காரணம், வெளியிடத்தில் வைத்திருந்த உரிமமில்லா 5 கிகாஹெர்ட்ஸ் கருவிகள். ரேடாரின் அலையைக் கேட்டால் தானாக விலகும் வசதி அவற்றில் இருந்திருக்க வேண்டும். அந்த வசதி அணைத்து வைக்கப்பட்ட கருவிகளும் இருந்தன. அபராதங்கள் விதிக்கப்பட்டன, விதிகள் இறுக்கப்பட்டன. இதனால் 5 கிகாஹெர்ட்ஸ் உரிமவிலக்கே தவறு என்று யாரும் முடிவு செய்யவில்லை. விலகும் வசதியை நிறுவுபவரின் விருப்பத்துக்கு விட்டதுதான் தவறு. நம் கடிதத்தில் இதை ஒரு பத்தியாக வைக்க விரும்புகிறேன்: விற்பனைக்கு வரும் எந்தக் கருவியிலும் எந்த நாட்டின் விதிப்படி இயங்குவது என்று தேர்ந்தெடுக்கும் பொத்தான் பயனரின் கைக்கு எட்டக் கூடாது.

சிறுநகர் இணையம் | 21 மே 2025, காலை 6:55

அண்ணா, அந்தப் பத்தியை என் பெயரோடே போடுங்கள். வேறு நாட்டின் பெயரைத் தேர்ந்தெடுத்துத் திறனைக் கூட்டி ஓட்டுபவர்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். பக்கத்து ஊர்க்காரரோடு எனக்கு வந்த பிரச்சினையில் பாதி அதனால் வந்ததுதான். விதியை மதிப்பவனுக்குத்தான் நட்டம்.

நுண்ணலை நேசன் | 21 மே 2025, பகல் 11:40

கடிதத்தின் மையப் பத்தியை எழுதிவிட்டேன்: “வெளியிடத்தில் நிலையாக நிறுவப்படும் இணைப்புகளுக்கு, பதிவேட்டின் வழி இயங்கும் தானியங்கி ஒருங்கிணைப்பு அமைப்புக்கு உட்பட்டு, 4 வாட் வரை அனுமதிப்பதற்கான பிரிவொன்றை இறுதி விதிகளில் இப்போதே சேர்க்க வேண்டும், அப்பிரிவு நடைமுறைக்கு வரும் தேதியைத் துறை பின்னர் அறிவிக்கலாம். அதற்கு முன்னேற்பாடாக, இப்பட்டையில் இயங்கும் நுண்ணலை இணைப்புகளின் பதிவேட்டைச் சரிபார்க்கும் பணியை உடனே தொடங்க வேண்டும்.” தொடுவானம் ஐயா, செயற்கைக்கோள் பாதுகாப்பு பற்றி நீங்கள் ஒரு வாக்கியம் தந்தால் சேர்த்துவிடுகிறேன்.

தொடுவானம் | 21 மே 2025, மாலை 5:05

தருகிறேன். மலர் சொன்ன அமெரிக்க ஆணையிலேயே அதற்கு முன்மாதிரி இருக்கிறது. வெளியிடக் கருவி தொடுவானத்திலிருந்து 30 பாகைக்கு மேல் எந்தத் திசையிலும் 125 மில்லிவாட்டைத் தாண்டி வீசக் கூடாது என்று அங்கே விதித்திருக்கிறார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது இன்னும் எளிது. தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், நம் நாட்டுச் செயற்கைக்கோள்கள் இங்கிருந்து பார்த்தால் ஏறத்தாழத் தலைக்கு மேலே நிற்கின்றன. சென்னையிலிருந்து 83 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ள செயற்கைக்கோளைப் பார்க்க டிஷ்ஷை 70 பாகைக்கு மேல் உயர்த்த வேண்டும். தம்பியின் ஏழு கிலோமீட்டர் இணைப்போ கிட்டத்தட்டத் தரைக்கு இணையாகப் போகிறது. இரண்டும் சந்திக்க வழியில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கையும் எழுதுங்கள். நேர்க்கிழக்கிலும் நேர்மேற்கிலும் தொடுவானத்தை ஒட்டி, தொலைவில் உள்ள பிற நாட்டுச் செயற்கைக்கோள்கள் தாழ்ந்து தெரியும். அந்தத் திசைகளை நேராகப் பார்க்கும் டிஷ்களுக்கு மட்டும் தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று சேர்த்துவிட்டால், செயற்கைக்கோள் துறையிலிருந்து வரக்கூடிய மறுப்புக்கு நாம் முன்கூட்டியே பதில் சொன்னதாக இருக்கும். தம்பி, உங்கள் பள்ளிக்கூட மாடி எந்தத் திசையில் இருக்கிறது?

சிறுநகர் இணையம் | 21 மே 2025, மாலை 6:12

வடமேற்கு, ஐயா. இப்போதுதான் மாடிக்குப் போய்க் காம்பஸ் வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். மேற்கிலிருந்து நாற்பது பாகைக்கு மேல் தள்ளியே இருக்கிறது.